கொடையும் தெரிவும்: திருகோணமலைக் கரையின் தாராதேவி படிமத்தை முன்வைத்து ஒரு நோக்கு

நூதனசாலை ஒன்றினுள் நுழைபவர் அங்குள்ள பொருள்களைப் பார்க்கிறார். அவை எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தன என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பொருளின் பெயர், அது செய்யப்பட்ட காலம், உலோகம், உயரம் ஆகியன பெயர்ப்பலகையில் முதலில் நிற்கும். கடைசி வரியில், சிறிய எழுத்தில், அதனைக் கொடுத்தவரின் பெயர் நிற்கும். அந்தக் கடைசி வரியே பல வேளைகளில் மற்றை வரிகளைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும். எப்பொருள் நூதனசாலைக்குள் வரவேண்டும், அதனைப் பற்றி எவ்வளவு அறியப்படவேண்டும், அது எங்கே எவ்வாறு நிற்கவேண்டும் என்பனவற்றில் அறிஞரின் மதிப்பீட்டுக்கு முன்னரே கொடையாளியின் விருப்பம் நின்றுவிடுகிறது. இவ்வுண்மையை விளக்கத் தூரத்து உதாரணம் தேடவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே நீளும் கடற்கரை ஒரு தக்க உதாரணத்தைத் தருகிறது.

இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் தாராதேவியின் செப்புப் படிமம் ஒன்று உள்ளது. உயரம் 143 சென்ரிமீற்றர். ஏறக்குறைய ஓர் ஆளின் அளவு. கி.பி. எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. மெழுகு அச்சு முறையில் உள்ளீடின்றித் திண்மையாக வார்க்கப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்டது. இத்துணைப் பெரிய உருவத்தைத் திண்மையாக வார்ப்பதற்கு வேண்டிய உலோகமும் உலையும் கைத்திறனும் எளிதிற் கைகூடுவன அல்ல. பெரும் ஆதரவுடைய ஒரு நிலையத்திற்காகவே இது செய்யப்பட்டிருக்கவேண்டும். மேலுடல் ஆடையின்றி இருக்க, இடைக்குக் கீழே மெல்லிய ஆடை காலோடு ஒட்டிப் படிகிறது. இடை ஒடுங்கித் தோள்கள் அகன்று நிற்கும் அமைப்பில் அளவுமீறிய அலங்காரம் ஏதுமில்லை. அணிகலன்களை ஏற்றி அழகு செய்யும் பிற்காலப் போக்கு இங்கே காணப்படவில்லை. உடலின் வரைகோடே அழகைத் தாங்குகிறது. உயர்ந்த முடியில் உள்ள குழி இன்று வெறுமையாக உள்ளது. இடக்கை முன்னர் தாமரை மலரைப் பற்றியிருக்கலாம்; அதுவும் இன்று வெறுங்கை. வலக்கை கீழ்நோக்கி விரிந்து வரதமுத்திரை காட்டுகிறது. வரதமாவது வேண்டுவோர்க்கு வேண்டியதை அளிக்கும் குறி. அளிக்கும் தெய்வமே பின்னாளில் அளிக்கப்பட்ட பொருளாயிற்று என்பது இப்படிமத்தின் வரலாறு.

அளித்தவர் சேர் றொபேட் பிரவுண்றிக். அவர் 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததும், 1817-18இல் எழுந்த ஊவாக் கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்டதும் அவருடைய ஆட்சியிலேயே. நாடு திரும்பிப் பத்தாண்டுகள் கழிந்தபின், 1830இல், அவர் இப்படிமத்தைப் பிரித்தானிய நூதனசாலைக்கு நன்கொடையாகக் கொடுத்தார். படிமம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கண்டெடுக்கப்பட்டது என்பது அதனோடு சென்ற செய்தி. கண்டியரசு வீழ்ந்த வேளையில் அரசனிடமிருந்து கைப்பற்றப்பட்டது என்று கூறுவோரும் உளர். இரு கூற்றுக்களுள் எது மெய்யாயினும், ஆளுகின்ற படைத்தலைவர் ஒருவரின் கையில் ஆளப்படும் நாட்டின் தெய்வப் படிமம் சேர்ந்ததைச் சாதாரணக் கொள்முதலோடு ஒப்பிட இயலாது.

பிரவுண்றிக் தமது உடைமைகளுள் எதனை நூதனசாலைக்குக் கொடுப்பது எனத் தாமே தெரிந்தார். நூதனசாலை இதனைத் தேடிச் சென்றதில்லை. கீழைக் கடற்கரைச் சிற்பத்தில் ஒரு குறை உள்ளது, அதனை நிரப்பவேண்டும் என எவரும் திட்டமிட்டதில்லை. வாசலிற் கொண்டுவந்து வைக்கப்பட்டதை அது ஏற்றுக்கொண்டது. 1753இல் ஹான்ஸ் சுலோன் என்னும் மருத்துவரின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு தோன்றிய அந்நிறுவனத்துக்குக் கொடை ஏற்பது இயல்பான வழக்கம். கொடையாகக் கிடைக்கும் பொருளுக்கு விலையில்லை; விலையில்லாத இடத்தில் வினாவும் குறைந்துவிடுகிறது. விலைகொடுத்து வாங்கும்போது, விற்பவருக்கு அதனை விற்கும் உரிமை உண்டா என்று கேட்பது கடமையாகிறது. கொடுப்பவரிடம் அவ்வாறு கேட்பது நன்றி கெட்ட செயலாகக் கருதப்படுகிறது. கொடையாளியின் செல்வாக்கு கட்டளையாக வரவேண்டும் என்பதில்லை. கேட்கப்படாத வினாவின் வடிவிலேயே அது பெரும்பாலும் செயற்படுகிறது.

அவ்வினா கேட்கப்படாமையால் விளைந்த இழப்பு சிறியதன்று. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே உள்ள நிலம் ஒரு கிராமமன்று. நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய கரை. கொட்டியாரக் குடாவும், மூதூரும், மகாவலியின் கிளை கடலோடு கலக்கும் வெருகலும், கதிரவெளியும், வாகரையும் அதனுள் அடங்கும். இவற்றுள் எவ்விடத்தில், எவ்வாழத்தில், எக்கட்டட இடிபாட்டின் அருகில், எப்பொருள்களோடு இப்படிமம் கிடைத்தது என்பதற்குப் பதிவில்லை. கொடுத்தவரின் பெயர் துல்லியமாக உள்ளது. கிடைத்த இடத்தின் பெயர் கரை முழுவதாக விரிந்து கிடக்கிறது.

இதன் பயனாகப் படிமத்தின் பெயரே நெடுங்காலம் ஐயத்துக்குரியதாயிற்று. இது பத்தினித் தெய்வம் என முன்னர் அறிஞர் சிலர் கருதினர். கண்ணகி வழிபாடு கீழைக்கரையில் ஆழ வேரூன்றியிருப்பதை அறிந்தவர்க்கு அக்கருத்து வியப்பளிக்காது. பின்னர், முடியின் அமைப்பு, முத்திரை ஆகியவற்றைக் கொண்டு மகாயான பௌத்தத்தின் தாராதேவியே இது என்ற முடிபு நிலைபெற்றது. திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் உள்ள வடமொழிக் கல்வெட்டு அவலோகிதேசுவரரை ஏத்துவது; கடல்கடந்து வந்த வணிகரோடு அத்தலத்தைத் தொடர்புபடுத்துவது. இடர் கடப்பிக்கும் தெய்வமான தாரா, அவலோகிதேசுவரரோடு சேர்த்து எண்ணப்படுபவள். எனவே துறைமுகத்தைச் சூழ்ந்த இக்கரையில் அவளுக்கு வழிபாடு இருந்ததென்பது பொருந்தும். ஆயினும் இது பிற சான்றுகளைக் கொண்டு செய்யும் ஊகமே. கிடைத்த இடம் தெரிந்திருப்பின், தாராவா பத்தினியா என்னும் வாதத்துக்கு அவ்விடமே விடை கூறியிருக்கும். ஒரு கோயிலின் வரலாறு, ஒரு வணிகவழியின் வரலாறு, கீழைக்கரையில் மகாயானம் பரவிய வரலாறு ஆகிய மூன்றும் அவ்விடத்தோடு சேர்ந்து மறைந்தன.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியைப் பொலன்னறுவையிற் காணலாம். 1907-08இல் அங்குள்ள சிவாலயங்களில் தொல்பொருளியல் திணைக்களம் அகழ்ந்தபோது நடராசர், பார்வதி, நாயன்மார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. எந்தக் கோயிலில் எது கிடைத்தது என்பது குறிக்கப்பட்டது. திருமேனிகள் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. இதனால் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவற்றைச் சைவ வழிபாட்டின் பின்னணியில் வைத்து ஆராய முடிந்தது. ஆனந்த குமாரசுவாமி 1914இல் இலங்கைச் செப்புப் படிமங்கள் பற்றிய தமது நூலில் அவற்றை வகைப்படுத்த முடிந்தது. தனியொருவரின் கையைக் கடவாமல் நிலத்திலிருந்து நூதனசாலைக்கு நேரே சென்ற பொருள் தன் கதையோடு சென்றது. தாரா கதையின்றிச் சென்றாள்.

1830இல் இலங்கையிற் பொது நூதனசாலை எதுவும் இல்லை என்பது உண்மை. கொழும்பு நூதனசாலை 1877இல், தேசாதிபதி வில்லியம் கிறெகறியின் காலத்திலேயே திறக்கப்பட்டது. ஆதலின், இங்கிருந்திருப்பின் படிமம் உருக்கப்பட்டிருக்கும் அல்லது அழிந்திருக்கும். பிரவுண்றிக்கின் கொடை அதனைக் காத்தது என்று வாதிடலாம். இவ்வாதத்தைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. எனினும் காத்தல் என்பதற்கு எல்லை உண்டு. இலண்டன் சென்ற படிமம் உடனே மக்களின் கண்ணுக்கு விருந்தாகவில்லை. மேலுடல் ஆடையின்றி இருந்தமையால், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படாமல், அறிஞர் மட்டும் அனுமதி பெற்றுக் காணும் பொருளாக இருந்தது. தாய்மையும் அருளும் நிறைந்த தெய்வத் திருமேனியை அக்கால ஆங்கில ஒழுக்கநெறி ஒரு கூச்சமாகக் கண்டது. பொருளைக் கொடுத்தவர் அதனைக் காணும் முறையையும் உடன் கொடுத்திருந்தால் இந்நிலை நேர்ந்திராது. பொருள் மட்டும் கைமாறியது. பொருளின் பண்பாடு கைமாறவில்லை.

இன்று தாரா நிற்கும் கூடத்துக்கும் ஒரு கொடையாளியின் பெயரே உண்டு. ஹொங்கொங்கைச் சார்ந்த சேர் ஜோசப் ஹோதுங்கின் உதவியால் 1992இல் அக்கூடம் திறக்கப்பட்டது. 2017இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. சீனத்தையும் தென்னாசியாவையும் ஒருசேரக் காட்டும் கூடம் அது. அவர் 1994 முதல் 2004 வரை அந்நூதனசாலையின் அறங்காவலருள் ஒருவராகவும் இருந்தார். 2021இல் அவர் மறைந்தபின் அவருடைய சீனப் பச்சைக்கல், பீங்கான் சேகரிப்பு மரணசாசனத்தின்வழி அதே நூதனசாலையைச் சேர்ந்தது. இதிற் குற்றம் ஏதும் கூறவேண்டியதில்லை. அவருடைய உதவியின்றேல் தாரா இன்றுள்ள ஒளியில் நின்றிருக்கமாட்டாள் எனவும் கூறலாம். கவனிக்கற்பாலது யாதெனில், ஒருவர் கொடுத்த படிமம் இன்னொருவர் கொடுத்த கூடத்தில் நிற்கிறது. இரு பெயர்களும் சுவரிலும் பலகையிலும் எழுதப்பட்டுள்ளன. அதனை வார்த்த சிற்பியின் பெயரும், அதனை வழிபட்ட ஊரின் பெயரும் எங்கும் இல்லை.

கொடையாளியே தெரிவாளராகவும் இருக்கும் நிலைக்கு அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலை சிறந்த எடுத்துக்காட்டு. டென்மன் வால்டோ றொஸ் 1895 முதல் அதன் அறங்காவலராக இருந்தவர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக் கோட்பாட்டைக் கற்பித்தவர். ஆசியா முழுவதும் பயணஞ்செய்து, தம் கண்ணுக்கு நல்லனவாகப் பட்டவற்றைத் தம் பணத்தில் வாங்கி, பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை அந்நூதனசாலைக்கு அளித்தார். 1917இல் ஆனந்த குமாரசுவாமியின் சேகரிப்பை வாங்கி அந்நூதனசாலைக்குக் கொடுத்தவரும் அவரே. அதே ஆண்டில் குமாரசுவாமி அங்கு இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். கொழும்பிற் பிறந்த ஈழத்துத் தமிழ் அறிஞர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர், தமது வாழ்வின் எஞ்சிய முப்பது ஆண்டுகளையும் பொஸ்ரன் நூதனசாலைப் பணியிலே கழித்து 1947இல் மறைந்தார்.

இந்நிகழ்ச்சியை இருவகையாக மதிப்பிடலாம். இந்தியாவில் ஒரு தேசிய நூதனசாலை அமைக்க முன்வருவோருக்குத் தமது சேகரிப்பை அளிக்கக் குமாரசுவாமி முன்னரே ஆயத்தமாக இருந்தார். அதற்கு ஆதரவு கிட்டவில்லை. இங்கே பொருள் இருந்தது, அறிவு இருந்தது, கொடையாளி இல்லை. அங்கே கொடையாளி இருந்தமையால் பொருளும் அறிவும் ஒருங்கே கடல்கடந்தன. றொஸ் இல்லாதிருப்பின், இந்தியக் கலையை அதன் சமயப் பொருளோடு உலகுக்கு எடுத்துரைத்த அப்பெரும் பணி அவ்வளவு வசதியோடு நடைபெற்றிருக்குமா என்பது ஐயமே. எனவே கொடையாளியின் தலையீடு எப்போதும் தீமை பயக்கும் என்று கூறுவது பொருந்தாது. ஆனால் றொஸின் நோக்கும் குமாரசுவாமியின் நோக்கும் ஒன்றல்ல என்பதையும் மறத்தலாகாது. றொஸ் பொருளிற் கண்டது ஒழுங்கு, சமநிலை, இயைபு ஆகிய வடிவப் பண்புகளை. 1907இல் அவர் வெளியிட்ட நூல் தூய வடிவமைப்பின் கோட்பாட்டையே பேசியது. குமாரசுவாமியோ, பயன்பாட்டுக்காகவும் வழிபாட்டுக்காகவும் ஆக்கப்பட்டவற்றை அவற்றின் பொருள் அறியாது வடிவத்துக்காக மட்டும் நுகர்தல் போதாது என்று இறுதிவரை வாதித்தார். கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்ட அவருடைய கட்டுரைத் தொகுதி 1943இல் வெளிவந்தது. கொடையாளி வடிவத்தைக் கண்டு வாங்கினார். காப்பாளர் பொருளைக் கண்டு விளக்கினார். நல்ல காப்பாளர் ஒருவர் வாய்த்தமையால் கொடையின் குறை அங்கு நிறைவு செய்யப்பட்டது. தாராவின் கொடைக்கு அத்தகைய காப்பாளர் 1830இல் வாய்க்கவில்லை.

கொடையாளியே நிறுவனமாகிவிடும் மூன்றாவது நிலையும் உண்டு. கலிபோர்ணியாவிலுள்ள பசடீனா நூதனசாலை நவீன கலைக்காக அமைந்தது. அது கடனில் மூழ்கியபோது, 1974இல் நோர்ட்டன் சைமன் என்னும் தொழிலதிபர் அதன் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டில் அது அவர் பெயரைப் பெற்றது. அவருடைய சேகரிப்பே அதன் முதன்மைக் காட்சியாயிற்று. அவர் 1973இல் ஒன்பது இலட்சம் டொலர் கொடுத்து வாங்கியிருந்த நடராசர் திருமேனி தஞ்சை மாவட்டத்துச் சிவபுரம் கோயிலுக்குரியது. 1951இல் நிலத்தடியிலிருந்து கிடைத்த அத்திருமேனி, பழுதுபார்க்க அனுப்பப்பட்ட இடத்திற் போலி ஒன்று செய்யப்பட்டு மூலம் மறைக்கப்பட்டதால் வெளிநாடு சென்றது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. பத்தாண்டுகள் அங்கே காட்சியில் இருந்தபின் 1986இல் திருமேனி இந்தியா திரும்பியது. வாங்குபவரும், நூதனசாலையை நடத்துபவரும், அதற்குப் பொருள் கொடுப்பவரும் ஒருவரேயாகும்போது அவரைத் தடுத்துக் கேட்கும் குரல் நிறுவனத்தினுள் எழாது. வெளியே ஓர் அரசு வழக்காடித்தான் கேட்கவேண்டியதாயிற்று.

சிவபுரத்துக்கு ஓராண்டு முன்னர், 1950இல், திருகோணமலையில் அதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. நகரசபையினர் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1620களில் போர்த்துக்கேயர் சுவாமிமலைக் கோயிலை இடித்து அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டிய காலத்தில், அடியார் அவற்றை மண்ணில் மறைத்தனர் என்று கொள்ளப்படுகிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டத்தின் கீழ் அவற்றைக் கொழும்பு நூதனசாலைக்கு எடுத்துச் சென்றிருக்கலாம். விலைபேச ஒரு வணிகரோ, விரும்பிக் கேட்க ஒரு செல்வரோ முன்வந்திருக்கவும் கூடும். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. திருமேனிகள் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. ஊர் கூடி மீண்டும் எழுப்பிய கோணேசர் கோயிலில், 1963இல் நடைபெற்ற குடமுழுக்கோடு, வழிபாட்டுக்குரியனவாயின. டாக்டர் பாலேந்திரா 1953இல் அவற்றைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். எனவே ஆராய்ச்சியும் கெடவில்லை, வழிபாடும் கெடவில்லை. எங்கே கிடைத்தன என்பது ஊருக்குத் தெரியும். எவருடையன என்பதும் ஊருக்குத் தெரியும். ஒரே கரையிற் கிடைத்த தாராவுக்கும் இத்திருமேனிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கலைத்தரத்தால் வந்ததன்று. தெரிந்தவர் யார் என்பதால் வந்தது. முன்னதைத் தெரிந்தவர் ஒரு தேசாதிபதி. பின்னவற்றைத் தெரிந்தது ஓர் ஊர்.

கொடையைத் தமிழ் மரபு அறியாததன்று. கோயில்களே ஒருவகையிற் கொடையால் நிறைந்த கலைக்கூடங்கள். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களை நோக்கினால், முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றும் விவரிக்கப்பட்டிருப்பது தெரியவரும். கொடுத்தவர் யார், எவ்வுருவம், எத்தனை கைகள், கோயில் முழத்தால் அளந்த உயரம் எவ்வளவு, உடன் அளித்த பொன்னணிகளின் எடை எவ்வளவு என்பன கல்லில் வெட்டப்பட்டன. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் எடைக்கல் பயன்பட்டது. அரசனே கொடுத்தாலும் அளந்து, நிறுத்து, எல்லாரும் காணப் பதிந்த பின்னரே கோயில் ஏற்றது. திருகோணமலைக்கு அண்மையில் உள்ள வெல்கம் விகாரை, சோழர் காலத்தில் இராசராசப்பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்களும் விளக்கு, பசு முதலிய கொடைகளை அவ்வாறே பதிந்துள்ளன. சைவக் கோயிலாயினும் பௌத்தப் பள்ளியாயினும் கொடை வெளிப்படையான செயலாக இருந்தது. அக்கொடைகளிற் புகழ் வேட்கை இல்லை என்று கூறமுடியாது. அரசியல் நோக்கம் இல்லை என்றும் கூறமுடியாது. படையெடுத்துப் பெற்ற பொருளும் அவற்றுட் கலந்திருந்தது. எனவே பழமையைப் பொற்காலமாகக் காட்டுதல் இங்கு நோக்கமன்று. கொடையைப் பதிவு செய்யும் கடமை கொடையாளியின் பெருமைக்கு மேலாக வைக்கப்பட்டது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. எட்டு நூற்றாண்டுகள் கழித்து, அச்சுப்பொறியும் நிலப்படமும் கைவரப்பெற்ற ஒரு நிருவாகத்தின் தலைவர், தாம் கொடுத்த படிமம் கிடைத்த ஊரைக்கூடச் சொல்லாது கொடுத்தார். பெற்றவரும் வற்புறுத்திக் கேளாது பெற்றனர்.

ஒருமுறை நுழைந்த பொருள் மீள்வதும் எளிதன்று. 1963ஆம் ஆண்டின் பிரித்தானிய நூதனசாலைச் சட்டம், சில விதிவிலக்குக்கள் நீங்கலாக, சேகரிப்பிலுள்ளவற்றை வேறெவருக்கும் கொடுப்பதை அறங்காவலருக்குத் தடைசெய்கிறது. இலங்கைத் தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி. எச். டி. எச். டி சில்வா, பிறநாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருள்களின் விரிவான பட்டியல் ஒன்றை 1975இல் வெளியிட்டார். எங்கே எவை உள்ளன என்பது அதனால் அறியப்பட்டது. 2023இல் நெதர்லாந்து அரசு, கண்டியிற் கைப்பற்றப்பட்ட பீரங்கி உட்பட ஆறு பொருள்களை இலங்கைக்குத் திருப்பித் தந்தது. அங்கே ஆராய்ச்சியாளர் பொருள் வந்த வழியை முதலில் ஆராய்ந்தனர். பின்னரே அரசு தீர்மானித்தது. திரும்பத் தருவதற்கும் முதற்படி வினா எழுப்புதலே என்பதற்கு இது சான்று.

தாரா திரும்பினால் எங்கே நிற்பாள் என்னும் வினாவும் நேர்மையாகக் கேட்கப்படவேண்டும். இயற்கைத் துறைமுகங்களுட் சிறந்ததெனப் போற்றப்படும் திருகோணமலையில், அக்கரையின் கலைவரலாற்றை முழுமையாகக் காட்டும் நூதனசாலை இல்லை. துறைமுகத்தருகே ஒல்லாந்தர் காலக் கட்டடம் ஒன்று நெதர்லாந்தின் உதவியோடு புதுப்பிக்கப்பட்டுக் கடல்சார் வரலாற்று நூதனசாலையாக விளங்குகிறது. அவ்வுதவி பயனுடையது, கட்டடமும் காக்கப்பட்டது. ஆயினும் எந்தக் காலத்தின் கட்டடம் முதலிற் காக்கப்படும் என்பதில் உதவுபவரின் வரலாறும் இடம்பெறுவது இயல்பு. ஒல்லாந்தர் கட்டடத்துக்கு ஒல்லாந்தர் உதவினர். திரியாயும் வெல்கமும் கோணேசர் மலையும் மூதூரும் ஒருங்கே பேசும் கூடத்துக்கு உதவப் பிறநாட்டார் ஏன் முன்வரவேண்டும்? அப்பொறுப்பு இந்நாட்டாருடையது. தமிழரும் சிங்களரும் முசுலிம்களும் வாழும் அம்மாவட்டத்தில், சைவப் படிமத்துக்கும் பௌத்தப் படிமத்துக்கும் ஒரே அளவுகோலால் இடமளிக்கும் கூடமே பொருந்தும். தாரா பௌத்தத் தெய்வமாதலின் தமிழர்க்கு அயலானவள் என ஒதுக்குவதும், அக்கரை தமிழர் வாழும் கரையாதலின் அவளுடைய பௌத்தத்தை மறைப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். கொடையாளி தம் விருப்பத்துக்கேற்ப வரலாற்றைத் தெரிவதைக் கண்டிப்போர், ஓர் இனத்தின் விருப்பத்துக்கேற்ப அதனைத் தெரிவதையும் கண்டிக்கக் கடமைப்பட்டவர்.

அத்தகைய கூடம் தோன்றும் நாளில், வெளிநாட்டில் வாழும் செல்வரும் உள்நாட்டு வணிகரும் கொடையோடு வருவர். வரவேண்டும்; அரசின் பணம் மட்டும் அதற்குப் போதாது. அவர்கள் தரும் பணம் ஏற்கப்படலாம். எதனை வாங்குவது என்னும் தீர்மானம் துறையறிந்தோர் குழுவிடம் இருத்தல்வேண்டும். கொடையாளி அக்குழுவில் அமர்தல் தகாது. அவர்கள் தரும் பொருள் எங்கே, எப்போது, எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று இன்றேல், அது எத்துணை அழகியதாயினும் ஏற்கப்படலாகாது. ஏற்கப்பட்டவற்றின் பதிவேடு எவரும் வந்து வாசிக்கத் திறந்திருத்தல்வேண்டும். கோயிற் சுவரிற் கொடையை வெட்டிவைத்த மரபினர்க்கு இது புதிய விதியன்று. பெயர்ப்பலகையின் கடைசி வரியிற் கொடையாளியின் பெயர் இருக்கட்டும். அதற்கு முந்திய வரியில் பொருள் கிடைத்த ஊரின் பெயர் தவறாது இருக்கவேண்டும். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே என்று மட்டும் எழுதி நிறுத்திய பதிவு இனி எங்கும் எழுதப்படாதிருக்க அதுவே வழி.